ஆற்றோரத்தில் பேர் கேட்டார்கள்

என் மகள் எனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தந்திருக்கிறாள். அது எங்கும் போகாது. முன்சில்லும் இல்லை, பின்சில்லும் இல்லை. ஜன்னலோரம் வைத்த இடத்திலேயே நிற்கும். நாம் ஏறி உட்கார்ந்து மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். முழங்காலுக்கு நல்லதென்று டொக்டர் சொன்னாராம். "டீவியப் பாத்துக்கிட்டே மிதிங்கம்மா, நேரம் போறதே தெரியாது" என்கிறாள் மகள். வீட்டுக்குள்ளே மூச்சிரைக்க மிதித்துவிட்டு, ஏறின இடத்திலேயே இறங்குகிற இந்தக் கூத்தை என்னவென்று சொல்வது!

முதல் நாள் மிதித்து வியர்த்ததும் கைப்பிடியின் புது ரப்பர் மணம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. சும்மா முகர்ந்து பார்த்தேன். தலை சுற்றுகிறதென்று மகளிடம் பொய் சொல்லி இறங்கிவிட்டேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அது தலைசுற்று இல்லை, பயம். நான் முதலும் கடைசியுமாக ஆற்றோரம் சைக்கிளில் போன நாளில் என் கையில் இதே மணம்தான் இருந்தது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட அப்போது ஒரு வாடகைச் சைக்கிள் கடை இருந்தது. ஆண்கள் ஓட்டும் சைக்கிள்கள் வரிசையாக நிற்க, ஓரத்தில் பெண்கள் ஓட்டுவது ஒன்றே ஒன்று தூசி படிந்து சாய்ந்திருக்கும். அதை யாரும் எடுப்பதில்லை. நாங்கள் கேட்டபோது கடைக்காரருக்கு வந்த சந்தோஷத்தில், புது ரப்பர் கைப்பிடி இரண்டை அங்கேயே மாட்டித் தந்தார். மணி மட்டும் அடிக்கவில்லை. "அதுக்கென்ன, நான் முன்னால போவேன், நீ பின்னால வா" என்று இவர் சொன்னார்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். பெயர் பிறகு வரும். கல்யாணம் முடித்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. இவர் கலஹாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளராக இருந்தார். நாள் முழுக்க நின்றபடி சீலையை விரிப்பதும் மடிப்பதும்தான் வேலை. நின்று நின்று அலுத்த கால்கள் லீவு நாள் வந்தால் வீட்டில் தரிக்காது. நான் கெலிஓயாக்காரி. கட்டுகஸ்தோட்டையில் ஒரு தையல் கடையில் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஓர் அறையும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் இருந்தன. இவருக்கு ஊர் பார்க்கும் ஆசை. எனக்கோ எதைக் கண்டாலும் பயம். கரப்பான், இடி, ஆழமான தண்ணீர், பஸ்ஸில் உரசி நிற்கிற ஆட்கள் என்று அது ஒரு பெரிய பட்டியல்.

அதோடு அது ஊரே பயந்து கிடந்த காலம். சிங்களப் பொடியன்கள் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பியிருந்தார்கள், அவர்களைப் பிடிக்க ஆமி இறங்கியிருந்தது. அதற்கு முன் எங்கள் தமிழ் ஆட்களுக்கு மட்டும் இருந்த பயம் அந்த வருஷங்களில் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. வாலிபப் பிள்ளைகள் இருக்கிற சிங்கள வீடுகளிலும் பொழுது சாயுமுன் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். கூட்டிக்கொண்டு போனவர்கள் யார் என்பதும் தெரியாது, போனவன் எங்கே என்பதும் தெரியாது. நாங்கள் வெளியே இறங்கும்போது பொட்டைக் கைக்குட்டையில் ஒற்றிவிட்டுப் போவோம். கோயில் வாசலில் திரும்ப வைத்துக்கொள்வோம். பஸ்ஸில் தமிழ் பேச நேர்ந்தால் காதுக்குள் பேசுவோம். மகாவலி ஆற்றில் பிடித்த மீனை ஆட்கள் வாங்குவதை நிறுத்தியிருந்தார்கள். ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட நாளில் சைக்கிளில் ஊர் சுற்றப் போவானேன் என்று நீங்கள் கேட்பது சரிதான். நானும் அதைத்தான் கேட்டேன். பௌர்ணமிப் போயா லீவுக்குக் கெலிஓயாவில் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் போனால் பெரிய ரோட்டில் இறக்கி, வரிசையில் விட்டுச் சோதிப்பார்கள். இவரிடம் அடையாள அட்டை கிடையாது. தோட்டத்தில் பிறந்த எங்கள் ஆட்களில் பலருக்கு அது அப்போது வந்து சேரவில்லை. அதனால் இவர் ஒரு திட்டம் போட்டார்.

"ஆத்தோரமா ஒரு பாத போகுது புள்ள. அதுல ஒரு பயலும் நிக்க மாட்டான். யானை குளிக்கிறதப் பாப்போம், தொங்குபாலத்துல ஏறுவோம், பேராதனைத் தோட்டத்துல வௌவால் தொங்குறதப் பாப்போம், மத்தியானச் சோத்துக்கு கெலிஓயாவுல இருப்போம்."

"யாராவது மறிச்சா?"

"யாரு மறிக்கிறது? வௌவாலா?"

இதுதான் இவரோடு பட்ட பாடு. நான் பயந்தால் இவருக்குச் சிரிப்பு வரும்.

முதலில் யானை. கட்டுகஸ்தோட்டையில் ஆற்றுத் துறையில் யானைகளைக் கொண்டுவந்து படுக்கப் போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். வெள்ளைக்காரர்கள் படம் பிடிக்க வந்து நிற்பார்கள். அந்தக் காலத்தில் அவர்களும் குறைந்துபோய், யானைக்காரர்கள் வேலையில்லாமல் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஈர மண்ணும் சாணமும் யானைத் தோலும் சேர்ந்த வாடை பாலத்திலேயே மூக்கில் ஏறியது. நான் சைக்கிளைப் பிடித்தபடி மேலேயே நின்றுகொண்டேன்.

யானையின் வயிற்றுக்குக் கீழே குனிந்து போய் வந்தால் பயம் தெளியும் என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். தூக்கத்தில் அலறுகிற பிள்ளைகளை அப்படிக் கூட்டிப்போவது வழக்கம். கல்யாணம் முடித்த பெண்ணைக் கூட்டிப்போனவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். யானைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார். "நோனா, பய வென்ன எப்பா" என்றார் யானைக்காரர். பயப்பட வேண்டாமாம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இவர் கையைப் பிடித்தபடி குனிந்து போனேன். உள்ளே வெக்கையாக இருந்தது. தலைக்கு மேலே அந்தப் பெரிய வயிறு ஒருதரம் கடகடவென்று உறுமியது. மறுபக்கம் வந்தபோது எனக்குப் பயம் தெளியவில்லை. "இனி ஒனக்கு ஒண்ணுக்கும் பயமில்ல" என்று இவர் சான்றிதழ் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அங்கிருந்து ஆற்றோரப் பாதை. ஒரு பக்கம் மூங்கில் பற்றைகள், அவற்றின் இடுக்கால் மண்ணிறத்தில் ஆறு. மறுபக்கம் வாழையும் மிளகுக்கொடியும் படர்ந்த வீட்டுத் தோட்டங்கள். நல்ல பாதைதான், இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் ஒரு வீட்டு வாசலிலும் ஆள் இல்லை. நாய்கூடக் குலைக்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. என் சங்கிலி கிறீச் கிறீச்சென்று எழுப்பிய சத்தம்தான் ஊருக்கே கேட்பதுபோல் இருந்தது. இவர் பாட்டுக்கு முன்னால் போய் வளைவில் மறைந்துவிடுவார். மறைந்தால் எனக்கு உயிர் போய்விடும். மணியோ அடிக்காது. வாயால்தான் கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? "ஏங்க! இந்தாங்க!" என்று கத்தினேன். மூங்கிலுக்குள் குளித்துக்கொண்டிருந்த யாரோ ஓர் ஆள் எட்டிப் பார்த்தார். இவர் திரும்பவில்லை.

நான் இவர் பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். இதில் எங்கள் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. அப்பா பெயர் சீனிவாசன். அதனால் அம்மா வாயில் சீனி என்ற சொல்லே வராது. தேத்தண்ணிக்குப் போடுகிற சீனியைக் கடையில் போய், "அந்த வெள்ளையா இனிக்கிறது குடுங்க" என்றுதான் கேட்பார். கடைக்காரரும் சிரிக்காமல் நிறுத்துக் கொடுப்பார். நாங்கள் பிள்ளைகள் அம்மாவைச் சொல்லவைக்கப் பாடாய்ப் பட்டிருக்கிறோம். ஒருநாளும் முடியவில்லை. அப்பா காய்ச்சலில் விழுந்தபோது அம்மா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "நான் ஒருநாளும் சொன்னதில்ல, ஒண்ணும் ஆகாது பாரு" என்றார். அப்பா பிழைத்துக்கொண்டார். பிறகு அதை நம்பாமல் இருக்க என்னால் எப்படி முடியும்?

தொங்குபாலம் ஹல்லொலுவையில் இருந்தது. சைக்கிள்களை இக்கரையில் சாய்த்துவிட்டு நடந்து ஏறினோம். நடுவுக்குப் போனதும் இவர் வேண்டுமென்றே காலை உதைத்து ஆட்டினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். மூங்கில் வேரில் துணி மாதிரி ஏதோ சிக்கித் தண்ணீரில் அசைந்துகொண்டிருந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டைத் துணி. இவர் ஆட்டுவதை நிறுத்திவிட்டார். "கீழ பாக்காத, நேராப் பாத்து நட" என்றார். அதைச் சொல்லும்போது இவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாகப் போனது. அக்கரை போகாமல் பாதியிலேயே திரும்பினோம்.

திரும்பிப் பார்த்தால் எங்கள் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் துவக்கோடு ஆட்கள் நிற்கிறார்கள். சிலர் சீருடையில், சிலர் சாதாரணக் காற்சட்டையில். சற்றுத் தள்ளி மூங்கில் நிழலில் ஒரு லொறி. எங்களுக்கு முன்னாலேயே ஒரு முஸ்லிம் நானாவை மறித்து வைத்திருந்தார்கள். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். அவர் சைக்கிளில் தேங்காய்ச் சாக்கு ஒன்று கட்டியிருந்தது. பாலம் ஆடுகிற ஆட்டத்தில் அக்கரைக்கு ஓடவும் முடியாது. ஓடினால் சுடுவார்கள். இவர் என் கையை விட்டுவிட்டு, "ஒண்ணும் பேசாத, நான் பேசிக்கிறேன்" என்று முன்னே நடந்தார்.

பேசவிடவில்லை. அட்டை கேட்டார்கள், இல்லை என்றதும் இவரைத் தனியாக லொறிப் பக்கம் கொண்டுபோனார்கள். என்னை இக்கரைத் தூணடியில் நிறுத்தினார்கள். பெண்பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு புருஷன் பெண்சாதி மாதிரி நடமாடுகிற பொடியன்கள் இருந்தார்களாம். அதனால் இரண்டு பேரையும் பிரித்து நிறுத்தி, ஒரே கேள்வியைக் கேட்பார்கள். பதில் இரண்டும் பொருந்த வேண்டும்.

அவர்களில் வயதானவர் என்னிடம் வந்தார். என் பெயரைக் கேட்டார், சொன்னேன். பிறகு, "மஹத்தயாகே நம?" என்றார். எனக்குச் சிங்களம் தெரியாமல் இல்லை, கடைத்தெருச் சிங்களம் நன்றாகவே வரும். ஐயாவின் பெயர் என்ன, அதாவது புருஷன் பெயர் என்ன என்று கேட்கிறார் என்பதும் விளங்கியது. ஆனால் வாய் ஒட்டிக்கொண்டது. எனக்கு மொழி தெரியாதென்று நினைத்து அவர் நானாவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒங்கட மாப்பிளட பேரக் கேக்குறாங்க. சொல்லுங்கொ" என்றார் நானா.

கோயிலிலோ கடையிலோ யாராவது இப்படிக் கேட்டால் நாங்கள் எப்படிச் சொல்வோமோ, அப்படியே சொன்னேன். "கதிர்காமத்துச் சாமி பேருங்க."

"என்னா?"

"கதிர்காமத்துல இருக்காருல்ல, அவரு பேரு."

பாவம் நானா. முருகனுக்கு ஆயிரம் பெயர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்த ஒன்றைச் சொல்லிவிட்டார். "கந்தசாமி, மஹத்தயா."

இல்லை என்று நான் தலையாட்டியிருக்கலாம். ஆட்டினால் வேறென்ன என்று கேட்பார்களே! அப்படியே நின்றேன். வயதானவர் லொறிப் பக்கம் பார்த்து, "கந்தசாமி?" என்று கத்தினார். அங்கிருந்து இவர் சொன்ன பெயர் திரும்பி வந்தது. அது கந்தசாமி இல்லை.

"பொரு!" என்றார் அவர். பொய்யாம். அவ்வளவுதான். அங்கே ஒருவன் இவர் பிடரியில் கைவைத்து லொறியை நோக்கித் தள்ளினான். லொறிக்குள்ளே ஏற்கெனவே சிலர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கண்டேன். இவருடைய ஒரு செருப்பு கழன்று மண்ணில் கிடந்தது. ஒரு கால் லொறிப் படியில் ஏறிவிட்டது.

"வாயத் தொறங்கொ தங்கச்சி! ஏத்துறாங்க!" என்று நானா கெஞ்சினார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். இன்றைக்கு எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்த இடத்தில் நிற்கிற எனக்கு இரண்டும் ஒரே அளவு உண்மை. சொல்லாவிட்டால் லொறி கொண்டுபோகும். சொன்னால் என் வாயாலேயே இவருடைய ஆயுசைக் குறைக்கிறேன். எப்படிப் பார்த்தாலும் கொல்லப்போகிறவள் நான்தான் என்று தோன்றியது. பிறகு என்ன நடந்ததென்றால், நான் முடிவெடுத்ததாக ஞாபகம் இல்லை. தொண்டைதான் முடிவெடுத்தது.

"வடிவேலு!" என்று கத்தினேன். "வடிவேலு! வடிவேலு!"

தெருவில் விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, மரியாதை ஒன்றும் இல்லாமல். நிறுத்தவும் முடியவில்லை. இவர் சட்டென்று திரும்பினார். பிடரியில் இருந்த கையையும் மீறித் திரும்பினார். என் வாயில் தன் பெயரை அதுவரை கேட்காத மனுஷன் அல்லவா? வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தார். வயதானவர் அந்த முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெயருக்குச் சொந்தக்காரன் இல்லாமல் ஒருவன் அப்படித் திரும்ப மாட்டான் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நானா அவசர அவசரமாகச் சிங்களத்தில் விளக்கினார். இவர்களுடைய பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை, இது வழக்கம், பெயரைத் தப்பாகச் சொன்னது தான்தான் என்று. வயதானவர், "எங்க அம்மாவும் சொல்லாது" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு லொறிப் பக்கம் கையை அசைத்தார். இவர் காலைக் கீழே வைத்தார். "யன்ன, யன்ன" என்று எங்களை விரட்டினார்கள். செருப்பை எடுக்கக்கூட இவர் குனியவில்லை.

நாங்கள் சைக்கிளை எடுக்கும்போது லொறி கிளம்பியது. உள்ளே இருந்தவர்களில் ஒரு பையன் தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தான். அவன் பெயரைக் கத்துவதற்கு அங்கே யாரும் இல்லை.

அதற்குப் பிறகு பேராதனை வந்தது. தோட்டத்து மரங்களில் வௌவால்கள் தொங்கிக்கொண்டு கிரீச்சிட்டதாக நினைவு. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒற்றைச் செருப்போடு இவர் எனக்குப் பக்கத்திலேயே ஓட்டி வந்தார். ஒரு வளைவிலும் முன்னால் போகவில்லை. கெலிஓயா போய்ச் சேர்ந்து, அண்ணன் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்த பிறகும் என் கைகள் சைக்கிள் பிடியைப் பிடித்த மாதிரியே மடங்கிக் கிடந்தன. அண்ணி கொடுத்த தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து இவர் குனிந்து, "என் பேரு நல்லாத்தானே இருக்கு? இன்னொரு தடவ சொல்லு பாப்போம்" என்றார். இவரை அடித்துவிட்டு ஓவென்று அழுதேன்.

அண்ணன் வீட்டில் இருந்த அம்மாவிடம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசவில்லை. எழுந்து போய் விளக்கேற்றினார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் பெரிய பயம். லொறிக்காரர்களைப் பற்றிய பயம் சில வருஷத்தில் ஊரை விட்டுப் போனது. இது போகவில்லை. இவர் கடை பூட்டி வருகிற பஸ் கொஞ்சம் பிந்தினால் போதும், நான் ரோட்டுக்கு வந்துவிடுவேன். இருமினால் பயம், நெஞ்சைத் தடவினால் பயம், தூக்கத்தில் சத்தமில்லாமல் கிடந்தால் மூக்குக்குக் கிட்ட விரலை வைத்துப் பார்ப்பேன். "இன்னும் இருக்கேன் புள்ள, படு" என்பார் கண்ணைத் திறக்காமலே. மகள் பிறந்து, வளர்ந்து, வேலைக்குப் போன பிறகும் இப்படித்தான். அன்று கத்தினதில் இவர் ஆயுசில் எத்தனை வருஷம் கழிந்துபோனதோ என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பெயரை மறுபடி ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டாமா?

துறையில் இப்போது யானைகள் குளிப்பதில்லை. வாடகைச் சைக்கிள் கடை இருந்த இடத்தில் தொலைபேசி விற்கிறார்கள். என் மகள் வயதுப் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அந்தப் புருஷன்மார் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். இவர் அறுபதைத் தாண்டிச் சில வருஷம் இருந்தார். அது குறைந்த ஆயுசா, நிறைந்த ஆயுசா என்று எனக்குச் சொல்ல யாருமில்லை. ஒரு விடியற்காலையில், வீட்டுக் கட்டிலில், ஒருவரும் மறிக்காமல் போனார். அன்று நான் அவருடைய பெயரைக் கத்திக் கத்திக் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

இப்போது எனக்குப் பயம் என்று ஒன்றும் கிடையாது. மாலையில் மழை பிடித்து ரோட்டில் பஸ் எல்லாம் நின்றுபோனாலும் நான் வாசலுக்கு வருவதில்லை. பிந்தி வர யாரும் இல்லை.